தாத்தா நேதாஜி படையில் இருந்தாரா? ஐ.என்.ஏ. வீரரை ஆவணங்களில் தேடும் முறை

"மலாயாவில் இருந்தாராம், நேதாஜி பட்டாளத்தில் சேர்ந்து பர்மா வரைக்கும் போனாராம்." பல வீடுகளில் கதை இந்த ஒரு வரியோடு நின்றுபோயிருக்கும். கூடவே ஓரம் அரித்த ஒரு படம், யாருக்கும் படிக்கத் தெரியாத ஒரு சீட்டு. அதை வைத்துக்கொண்டு அவர் எந்தப் பிரிவில், எந்த ஆண்டில், எந்த ஊரில் இருந்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா? பலருக்கு முடியும். முடியாமல் போகிறவர்களில் பலர் தவறான அலுவலகத்தில் தேடியவர்கள்.

ஐ.என்.ஏ. என்பது நேதாஜி நடத்திய இந்திய தேசிய ராணுவம். அதன் வீரர்கள் எல்லாருடைய பெயரும் அடங்கிய ஒரே பட்டியல் எங்கும் கிடையாது. 1945-ல் ரங்கூனையும் சிங்கப்பூரையும் விட்டுக் கிளம்பும்போது பல தாள்களை அழித்துவிட்டார்கள். "முழுப் பட்டியல் இருக்கிறது, பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதல் கேள்வி: சிப்பாயா, சிவிலியனா?

இதற்குப் பதில் தெரியாமல் டெல்லிக்கோ லண்டனுக்கோ கடிதம் போடாதீர்கள். ஐ.என்.ஏ.வில் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். இருவரின் தாள்களும் வெவ்வேறு இடத்தில் கிடக்கின்றன.

முதல் வகை, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். மோகன் சிங் தலைமையில் 1942 செப்டம்பரில் உருவான முதல் ஐ.என்.ஏ. இவர்களை வைத்துத்தான். இவர்களுக்கு ரெஜிமென்ட் எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், ஊர், சேர்ந்த தேதி எல்லாம் பிரிட்டிஷ் கணக்கில் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

இரண்டாவது வகை, பால் மரம் வெட்டியவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், கடைக் கணக்குப்பிள்ளைகள், பள்ளி மாணவர்கள். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்ற பிறகுதான் இவர்கள் பெருவாரியாகச் சேர்ந்தார்கள். மலாயாத் தமிழர்களில் பெரும்பாலோர் இந்த வகை. இவர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே எந்த ரெஜிமென்ட் அலுவலகத்திலும் இவர்கள் பெயர் இருக்காது. "ராணுவத்துக்கு எழுதினோம், அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்துவிட்டது" என்று மனம் உடைந்து தேடலைக் கைவிடுபவர்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பங்கள்தான். இல்லை என்ற பதில் சரியான பதில். கேட்ட இடம்தான் தப்பு.

எப்படிப் பிரித்தறிவது? சிங்கப்பூர் விழுவதற்கு முன் அவர் என்ன வேலையில் இருந்தார் என்று கேளுங்கள். கப்பலில் பட்டாளத்தோடு வந்தாரா, தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் கங்காணியோடு வந்தாரா? மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை), ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. (ராணுவ சப்ளை, போக்குவரத்துப் பிரிவு), மருத்துவப் பிரிவு என்று ஏதாவது பேர் வந்தால் முதல் வகை. லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), கங்காணி, ரப்பர் பால், தவரணை என்று பேச்சு போனால் இரண்டாவது வகை. ராணி ஜான்சி ரெஜிமென்ட் என்றால் கேள்வியே இல்லை. அது முழுக்க முழுக்க சிவிலியன் பெண்கள் படை. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அதன் முதல் முகாம் 1943 அக்டோபர் 22-ல் சிங்கப்பூரில் திறந்தது.

ரயிலில் போனாரா, ரயில் போட்டாரா?

"பர்மாவுக்குப் போனார்" என்பதை வைத்து மட்டும் ஐ.என்.ஏ. என்று முடிவு கட்டக் கூடாது. அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை சயாம்–பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர்கள் கொண்டுபோனார்கள். தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர். வேலை 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் மலேரியாவிலும் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. அந்தப் பாதை முடிந்த பிறகு ஐ.என்.ஏ. பிரிவுகளும் ராணி ஜான்சிப் பெண்களும் அதே தண்டவாளத்தில்தான் பர்மாவுக்குப் போனார்கள். இரண்டு தலைமுறை கழித்துக் கேட்கும்போது இரண்டு கதையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

கலந்ததைப் பிரிக்கக் கீழுள்ள குறிகள் உதவும். காலரா, மூங்கில் கொட்டகை, மண் சுமந்தது, பாறை உடைத்தது, "கூலிக்குப் போனார்" என்றால் ரயில் பாதை. துப்பாக்கி, சீருடை, அணிவகுப்பு, "ஜெய் ஹிந்த்", இந்துஸ்தானியில் கட்டளை என்றால் ஐ.என்.ஏ. 1943 நடுவிலேயே சயாமில் இருந்தார் என்றால் ரயில் பாதையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ரயில் பாதையில் செத்தவரை வீரர் என்று சொன்னால்தான் மரியாதை என்று சில குடும்பங்கள் நினைக்கின்றன. அவர் பட்ட பாட்டுக்கு இன்னொரு பட்டம் தேவையில்லை. தவிர, தேடலைத் தப்பான இடத்தில் தொடங்கினால் அவருக்குக் கிடைக்கவேண்டிய இடமும் போய்விடும்.

மூன்றாவதாக ஒரு குழப்பமும் உண்டு. 1946–47-ல் கெடா பகுதித் தோட்டங்களில் தொண்டர் படை என்று ஓர் அமைப்பு இருந்தது. சீருடை, கொடி, அணிவகுப்பு எல்லாம் ஐ.என்.ஏ. பாணியில். கள்ளுக் கடை மறியல் அதன் முக்கிய வேலை. போருக்குப் பிறகு எடுத்த சீருடைப் படம் என்றால் அது இதுவாகவும் இருக்கலாம்.

வீட்டில் கேட்பதும் சீட்டைப் படிப்பதும்

வயதான உறவினரிடம் "ஐ.என்.ஏ. பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், பிறகு பத்திரிகையில் படித்ததும் படத்தில் பார்த்ததும் சேர்ந்து வரும். சின்னச் சின்ன விவரமாகக் கேளுங்கள். எந்தத் தோட்டத்தில் இருந்து போனார்? யாரோடு போனார்? எந்த ஊர் முகாமில் பயிற்சி? மேலதிகாரி பேர் என்ன, அவர் சர்தாரா, முஸ்லிமா? எந்த ஆறு, எந்த மலை என்று பேசுவாரா? எப்போது திரும்பி வந்தார், எந்தக் கப்பலில்? "ரஜுலா" என்று சொன்னால் நாகப்பட்டினம், சென்னை வழியாக வந்தவர். உறவினர் சொன்னதை அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "மேமியோ" என்று சொன்னதை நீங்களே திருத்தி "மியான்மர்" என்று எழுதிவிட்டால் ஒரு நல்ல தடயம் போச்சு. மேமியோ தனி ஊர், இன்றைய பியின் ஊ ல்வின்.

வயதுக் கணக்கைக் கட்டாயம் போடுங்கள். 1932-ல் பிறந்தவர் 1944-ல் 12 வயதுப் பையன். அவர் சிப்பாயாக இருந்திருக்க மாட்டார். ஆனால் சிறுவர் பிரிவான பால சேனாவில் இருந்திருக்கலாம். அதுவும் அந்த இயக்கத்தின் ஒரு பகுதிதான்.

சீட்டு ஏதாவது இருந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். 2603, 2604 என்று எண் இருந்தால் அது தேதி இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் அவர்களுடைய பேரரசு ஆண்டைப் போட்டார்கள். 660-ஐக் கழித்தால் நம் ஆண்டு: 2602 என்றால் 1942, 2604 என்றால் 1944. சிங்கப்பூருக்கு "சியோனான்" என்று பேர். பழைய தெலுக் ஆன்சன் இன்று தெலுக் இந்தான், போர்ட் சுவெட்டன்ஹாம் இன்று போர்ட் கிள்ளான், பெகு இன்று பாகோ. தோட்டங்களுக்கு நம்மவர்கள் வைத்த தமிழ்ப் பேர் ஒன்று, கம்பெனிப் பதிவில் உள்ள ஆங்கிலப் பேர் வேறு. இரண்டும் தெரிந்தால்தான் ஆவணத்தில் கிடைக்கும்.

அடுத்து, அந்தச் சீட்டு எதை நிரூபிக்கிறது என்று பாருங்கள். ஐ.என்.ஏ.வுக்குப் பின்னால் நின்ற சிவிலியன் அமைப்பான இந்திய சுதந்திர லீக்கின் உறுப்பினர் சீட்டு, அவர் லீக் உறுப்பினர் என்பதை மட்டும் காட்டும். போஸ் அமைத்த தற்காலிக அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் சிறு பகுதிதான் துப்பாக்கி எடுத்தது. நன்கொடை ரசீது, பணமோ நகையோ கொடுத்ததற்குச் சாட்சி. இதெல்லாம் மதிப்புள்ள தாள்கள்தான், ஆனால் படைச் சேவைக்கு ஆதாரம் ஆகாது. ஆங்கில எழுத்தில் இந்துஸ்தானி எழுதிய நோட்டுப் புத்தகம் இருந்தால், அது பயிற்சி முகாமிலிருந்து வந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. படையில் அந்த முறையில்தான் பாடம் நடத்தினார்கள்.

தளபதி பேர் ஒன்று கிடைத்தால் பாதை கிடைக்கும்

தலைவர்களைப் பற்றிய தாள்கள் மலை மாதிரி உண்டு. சிப்பாயைப் பற்றித்தான் இல்லை. ஆகவே தலைவரைப் பிடித்துக்கொண்டு சிப்பாயிடம் போவதே வழி. குடும்ப நினைவில் ஒரு தளபதியின் பேர் தங்கியிருந்தாலும் போதும், எந்த மாதம் எந்த ஊர் என்று ஓரளவு வரைந்துவிடலாம்.

ஷா நவாஸ் கான் என்றால் சுபாஷ் பிரிகேட். 1944-ன் தொடக்கத்தில் பர்மா முனைக்குப் போன முதல் படை. அதன் முதல் பட்டாலியன் அரக்கான் பக்கம், கலடான் பள்ளத்தாக்கில். மற்ற இரண்டும் சின் மலைகளில் ஹாக்கா, ஃபலாம் பக்கம். இனாயத் கியானி என்றால் காந்தி பிரிகேட், இம்பாலுக்குத் தெற்கே தாமு–பலேல் பாதை. குல்சாரா சிங் என்றால் ஆசாத் பிரிகேட். இந்த மூன்றும், பின்னால் வந்த நேரு பிரிகேடும் சேர்ந்தது முதல் டிவிஷன். தளபதி முகமது ஜமான் கியானி. இவர்கள் போரில் பட்டதைவிடப் பட்டினியிலும் வயிற்றுப்போக்கிலும் மலேரியாவிலும் பட்டது அதிகம். 1944 ஜூலையில் பின்வாங்கல் ஆணை வந்தபோது மழைக்காலம், சாலை இல்லை, அரிசி இல்லை. "இலை தழை தின்று நடந்து வந்தார்" என்று கதை இருந்தால் பெரும்பாலும் இந்த முதல் டிவிஷன்தான்.

குர்பக்ஷ் சிங் தில்லான் என்றால் நேரு பிரிகேட், 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றங்கரையில் நியாங்கு பக்கம். பிரேம் சாகல் என்றால் இரண்டாவது டிவிஷன், எரிமலையான போப்பா மலை, 1945 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஏப்ரல் கடைசியில் சரணடைந்தார்கள். ஆறும் எரிமலையும் கதையில் வந்தால் இங்கே தேடுங்கள். மணிப்பூரின் மொய்ராங்கில் 1944 ஏப்ரல் 14-ல் கொடி ஏற்றிய ஷௌகத் மாலிக், பகதூர் குழுவைச் சேர்ந்தவர். அது உளவும் ஊடுருவலும் செய்த சிறிய பிரிவு. "மொய்ராங்கில் கொடி ஏற்றியபோது இருந்தார்" என்று சொல்லும் வீடுகளின் எண்ணிக்கை அந்தக் குழுவின் எண்ணிக்கையைவிடக் கூடுதல் என்பதை மனதில் வையுங்கள்.

ஏ.டி. லோகநாதன் என்றால் ரங்கூன். அந்தமானுக்குப் போஸ் அனுப்பிய தலைமை ஆணையர் இவரே. 1945 ஏப்ரல் 24-ல் போஸ் ரங்கூனை விட்டுக் கிளம்பிய பிறகு, ஊரில் கொள்ளை நடக்காமல் காக்க ஆயிரக்கணக்கான வீரர்களோடு இவரை நிறுத்திவிட்டுப் போனார்கள். மே முதல் வாரம் பிரிட்டிஷார் வந்ததும் எல்லாரும் கைதிகள். "ரங்கூன் ஜெயிலில் இருந்தார்" என்பது வலுவான தடயம். பின்னால் சொல்லப்போகும் ஓய்வூதியக் கோப்புக்கு நேரே கொண்டுபோய் விடும்.

பலரும் மறந்துவிடுவது மூன்றாவது டிவிஷன். ஜி.ஆர். நாகர் தலைமையில் மலாயாவிலேயே இருந்தது. பெரும்பாலும் அங்கேயே சேர்ந்த சிவிலியன்கள். பர்மாவைப் பார்க்காமலே போர் முடிந்துவிட்டது. சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையபடி பால் மரம் வெட்டப் போனவர்கள் இவர்கள். கைதாகவில்லை, விசாரணை இல்லை, ஆகவே தாளும் இல்லை. தாத்தா போர்முனைக்கே போகவில்லை என்று தெரிந்தால் கதை பொய் என்று நினைக்க வேண்டாம்.

பேரை எழுதும் விதம்

ஆவணங்கள் ஆங்கிலத்தில். பேரைக் கேட்டு எழுதியவர் பஞ்சாபி எழுத்தராகவோ ஆங்கிலேயராகவோ இருந்திருப்பார். லட்சுமணன் என்பதை இந்தியாவில் எல்-ஏ-கே-எஸ்-எச் என்று தொடங்குவார்கள். மலாயாவில் எல்-இ-டி-சி-எச். சுப்பையாவுக்கு இங்கே பி (B) இரண்டு, அங்கே அதற்குப் பதில் பி (P) இரண்டு. ராமசாமி எஸ்-ஏ-எம்-ஒய் என்றும், எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஐ என்றும் வரும். சின்னப்பன் எஸ்-ஸிலும் தொடங்கும், சி-எச்-சிலும் தொடங்கும். குறைந்தது ஐந்து வகை எழுத்துக்கூட்டு எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

தலைப்பெழுத்தை நம்பித் தேடாதீர்கள். நம்மூரில் ப. முத்து என்றிருப்பவர் அங்கே "முத்து, பழனியின் மகன்" என்று பதிவாகியிருப்பார். தகப்பன் பெயரும் ஊரும் பொருந்தாமல் பேர் மட்டும் பொருந்தினால் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். முத்து, ஆறுமுகம், முனியாண்டி, கோவிந்தன் எல்லாம் ஒரே கம்பெனியில் நாலு பேர் இருப்பார்கள். பேர், தகப்பன், ஊர், பிரிவு ஆகிய நான்கில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும்.

எங்கே தேடுவது, எந்த வரிசையில்

முதலில் ஓய்வூதியக் கோப்பு. எல்லாரும் நேராக தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஓடுகிறார்கள். சிவிலியன் வீரரைப் பற்றி மிக விரிவாக எழுதப்பட்ட தாள் பெரும்பாலும் 1943-ல் எழுதியது அல்ல, 1972-க்குப் பிறகு எழுதியது. மத்திய அரசின் தியாகி ஓய்வூதியத் திட்டம் 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. 1980 ஆகஸ்ட் 1 முதல் வருமான வரம்பு நீக்கப்பட்டு விரிவானது. ஐ.என்.ஏ.காரர்களும் விண்ணப்பித்தார்கள். பொதுவாக 6 மாதச் சிறை காட்ட வேண்டும். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 3 மாதம். எங்கே பிடிபட்டார், எந்தச் சிறை, எத்தனை நாள், எப்படி விடுதலை என்று அவரே உறுதிமொழி எழுதிக் கொடுத்திருப்பார். சிறைச் சான்று கிடைக்காதவர்கள் சக கைதிச் சான்று வைத்தார்கள். அந்தச் சான்று கொடுத்தவரின் பேரும் ஊரும் உங்களுக்கு அடுத்த கதவு. அவருடைய கோப்பில் உங்கள் தாத்தா பேர் இருக்கலாம்.

நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்துக்கும் கோப்பு உண்டு. ஓய்வூதியம் வாங்கவில்லை என்பதால் கோப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

வீட்டில் தியாகிகளுக்கு அரசு கொடுத்த தாமிரப் பத்திரமோ, பஸ் பாஸோ, அரசாணை எண் போட்ட கடிதமோ இருந்தால் கோப்பு உறுதி. எதுவும் இல்லையா? ஊராட்சி ஒன்றிய அலுவலக வளாகத்தில் சுதந்திர வெள்ளி விழாவின்போது நட்ட நினைவுத் தூண் பல ஊர்களில் உண்டு. அதில் அந்த ஒன்றியத்துத் தியாகிகள் பேர் வெட்டியிருக்கும். சுண்ணாம்பு அடித்து எழுத்து மூடிப்போயிருந்தால் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுத்தால் எழுத்து தெரியும்.

கோப்பைப் பெற தகவல் உரிமைச் சட்டம். மாநில ஓய்வூதியம் என்றால் சென்னை தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் அரசியல் ஓய்வூதியப் பிரிவு. கூடவே மாவட்ட ஆட்சியர் அலுவலகம். மத்திய ஓய்வூதியம் என்றால் டெல்லியில் உள்துறை அமைச்சகத்தின் சுதந்திரப் போராட்ட வீரர்கள் பிரிவு. கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அலுவலகத்துக்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அமைச்சகத்துக்கு ஆன்லைனில் கட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கேட்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "என் தாத்தா தியாகியா?" என்று கேட்டால் "கேள்விக்குப் பதில் தர இயலாது" என்று திருப்பிவிடுவார்கள். தாளைக் கேளுங்கள், இப்படி:

"இன்னார், தகப்பனார் பெயர் இன்னது, ஊர் இன்னது, ஐ.என்.ஏ. வீரர் என்ற முறையில் அளித்த ஓய்வூதிய விண்ணப்பம் தொடர்பான கோப்பு முழுவதன் நகல்: விண்ணப்பம், இணைப்புகள், உறுதிமொழிப் பத்திரம், சக கைதிச் சான்றுகள், மாவட்ட ஆட்சியர் அறிக்கை, அனுமதி அல்லது நிராகரிப்பு ஆணை."

தனிநபர் தகவல் என்று மறுத்தால், 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டத்தின் 8(3) பிரிவைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். இறப்புச் சான்றும் உறவுமுறைக்கு ஓர் ஆதாரமும் முதலிலேயே வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் குறையும். மாவட்டத்தில் "கோப்பு அழிக்கப்பட்டது" என்று வந்தால் அதோடு விடாமல் தலைமைச் செயலகத்துக்குப் போடுங்கள். மாவட்ட நகல் போயிருந்தாலும் அரசாணை பிறப்பித்த இடத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. பழைய கடிதத்தில் கோப்பு எண்ணுக்கு முன்னால் ஆர்.டிஸ். என்றிருந்தால் நிரந்தரமாக வைக்கும் கோப்பு. எல்.டிஸ். என்றால் எப்போதோ போயிருக்கும்.

இந்தக் கோப்பை எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்கு ஓய்வூதியம் வாங்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். முடியாது. வீரருக்குப் பின் மனைவி அல்லது கணவர், பிறகு மணமாகாத, வருமானம் இல்லாத மகள் என்ற அளவில்தான் மத்தியத் திட்டம் போகிறது. "வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் தரகரிடம் மூலத் தாளைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து, பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் ரெஜிமென்ட் ஆவண அலுவலகம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. ரெஜிமென்ட் எண் இல்லாமல் எழுதினால் பலன் குறைவு. போர் முடிந்து திரும்பியவர்களை பிரிட்டிஷார் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். வெள்ளை என்றால் விசுவாசி, சாம்பல் என்றால் மனம் மாறியவர், கறுப்பு என்றால் முழு ஐ.என்.ஏ.காரர். கறுப்புப் பிரிவினரை வேலைநீக்கம் செய்து நிலுவைச் சம்பளத்தையும் பறித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அவர்களைத் திரும்ப ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. "பட்டாளத்தில் இருந்தார், ஆனால் பென்ஷன் வரவில்லை" என்ற பழைய ஆதங்கம் வீட்டில் இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

தேசிய ஆவணக் காப்பகம் டெல்லி ஜன்பத்தில் இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகம் 1997-ல் ஒப்படைத்த 990 ஐ.என்.ஏ. கோப்புகள் அங்கேதான். 2016 முதல் வெளியான நேதாஜி கோப்புகள் 304-ஐப் பற்றி நிறையப் பேச்சு உண்டு. அவை பெரும்பாலும் போஸின் மறைவு பற்றியும் அரசின் கடிதப் போக்குவரத்து பற்றியும்தான். சிப்பாயைத் தேடுபவருக்கு அங்கே வேலை குறைவு. 990-ஐத்தான் பார்க்க வேண்டும். காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். தனிநபர் பேரைப் போட்டால் ஒன்றும் வராது, ஏனென்றால் தேடல் கோப்பின் தலைப்பில்தான் நடக்கும். பிரிவு, ஊர், முகாம், தளபதி பேர்களைப் போடுங்கள். ஆணைகளும் படை அறிக்கைகளும் விசாரணைக் குறிப்புகளும் கிடைக்கும். பொறுமை வேண்டும். நூறு பக்கத்தில் ஒரு பக்கம் நம்முடையது.

லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசியக் காப்பகத்தில் ராணுவ உளவுத்துறைத் தாள்கள் டபிள்யூ.ஓ. 208 என்ற வரிசையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் பதிவுகள். இங்கே தேடும்போது ஐ.என்.ஏ. என்று மட்டும் போடாதீர்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் அந்தப் பேரையே உச்சரிக்க விரும்பவில்லை. ஜப்பானின் ஐந்தாம் படை என்ற பொருளில் "ஜிஃப்" என்று எழுதினார்கள். ஜே-ஐ-எஃப் என்ற மூன்று எழுத்தைப் போட்டால் வேறு ஒரு அடுக்கே திறக்கும். அதிகாரிகளுக்குப் பல பக்க விசாரணை இருக்கும், சிப்பாய்க்கு இரண்டு வரி இருந்தால் அதிர்ஷ்டம். எழுதியவன் எதிரி என்பதையும், பதில் சொன்னவர் தூக்குக்குப் பயந்து சொல்லியிருப்பார் என்பதையும் நினைவில் வைத்துப் படியுங்கள். "கட்டாயப்படுத்திச் சேர்த்தார்கள்" என்று அதில் இருந்தால் அது உண்மையாகவும் இருக்கலாம், தப்பிக்கச் சொன்னதாகவும் இருக்கலாம்.

சிங்கப்பூர் தேசியக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை விட்டுவிடாதீர்கள். பலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம். உங்கள் தாத்தா பேசியிருக்க மாட்டார், ஆனால் அதே முகாமில் இருந்தவர் பேசியிருக்கலாம். அந்த நாட்டு நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் ஜப்பானியர் காலத்து சியோனான் பத்திரிகை இருக்கிறது. லீக் கிளைக் கூட்டங்களையும் நன்கொடைகளையும் பற்றிய செய்திகளுக்கு அதைப் பாருங்கள். மொய்ராங், டெல்லி செங்கோட்டை அருங்காட்சியகங்கள் பார்க்க வேண்டியவை, ஆனால் தனிநபர் தேடலுக்கு உதவாது.

"நீர்மூழ்கியில் வந்து இறங்கினார்" என்று கதை இருந்தால் மட்டும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பினாங்கில் உளவுப் பயிற்சி பெற்று 1942-ல் இந்தியாவுக்குள் அனுப்பப்பட்டவர்கள் மேல் வழக்கு நடந்தது சென்னையில். வக்கம் காதர் உட்பட நால்வரைத் தூக்கில் போட்டது சென்னைச் சிறையில், 1943 செப்டம்பர் 10-ல்.

பதக்கம், தபால்தலை, புலி

ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) என்று போஸ் இயக்கத்தின் பேரில் வந்த தபால்தலைகளை அச்சடித்தது பெர்லினில். தபாலில் புழங்கியதே இல்லை. இன்று எந்தச் சேகரிப்பாளரிடமும் விலைக்குக் கிடைக்கும். அது வீட்டில் இருப்பதால் தாத்தா வீரர் ஆகிவிட மாட்டார். பதக்கங்களும் அப்படியே. வாளோடு கூடிய நட்சத்திரப் பதக்கங்கள் வியன்னாவில் செய்யப்பட்டவை. சந்தையில் நகல்கள் ஏராளம். மலாயாத் தோட்டத்துச் சிப்பாய் வீட்டில் பளபளவென்று ஒன்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பாயும் புலிச் சின்னத்தைச் சட்டையில் தைத்திருந்தது ஜெர்மனியில் இருந்த இந்திய லீஜியன். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு உருவான, மூவாயிரம் பேர் அளவிலான தனிப் படை அது. தென்கிழக்காசியப் படை ஏற்றியது சர்க்கா பொறித்த மூவர்ணக் கொடி. இணையத்தில் எல்லாப் படத்திலும் புலியைப் போட்டுவிடுகிறார்கள். படத்தில் புலி இருந்தால் தேடலை மலாயாவிலிருந்து ஐரோப்பாவுக்கு மாற்றுங்கள், அல்லது படம் பின்னால் வரைந்தது என்று கொள்ளுங்கள்.

உண்மையான படத்தில் பார்க்க வேண்டியது அதன் முதுகும் ஓரமும். ஸ்டுடியோ முத்திரை மூலையில் அழுத்தியிருக்கும். விரலால் தடவினால் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படியுங்கள். ஸ்டுடியோ இருந்த ஊர் தெரிந்தால் முகாம் இருந்த வட்டாரம் தெரிந்த மாதிரி.

தாளை லேமினேட் செய்யாதீர்கள். ஒருமுறை செய்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, உள்ளே பழுப்பேறி நொறுங்கும். செல்லோடேப் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், மையோடு சேர்ந்து வந்துவிடும். 600 டி.பி.ஐ.யில் இருபுறமும் ஸ்கேன் செய்யுங்கள், வெற்றுப் பக்கமாகத் தெரிந்தாலும் சரி. படத்தின் பின்னால் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், யார் சொன்ன தகவல், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அமிலம் இல்லாத காகித உறையில் வைத்து, இரும்பு பீரோவின் மேல்தட்டில் அல்லாமல் சுவரைத் தொடாத நடுத்தட்டில் வையுங்கள்.